டிவிடிக்கு வைத்த பொட்டு

மதினிக்கு அண்ணனின் குரல் மறந்துபோய்விட்டது. ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் போட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். "பிள்ள, அவுக எப்படிப் பேசுவாகன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வர மாட்டேங்கு. முகம் வருது, நடை வருது. குரல் மட்டும் வரல."

"போங்க மதினி, உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். எனக்கும் கொஞ்ச நாளாக அதே கதைதான். ராத்திரி படுத்தால் அண்ணன் வாயைத் திறப்பான், சத்தம் வராது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம். மெட்ராஸுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் வீட்டுக்குள் இன்னும் ஊர்ப்பேச்சுதான். அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் ரங்கநாதன் தெருவுக்கு அடுத்த சந்தில் பாத்திரக்கடையைப் பார்த்துக்கொண்டான். கல்யாணமான மறு வருஷமே, கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வந்தவனை கோடம்பாக்கம் பாலத்து இறக்கத்தில் ஒரு தண்ணி லாரி அடித்துப் போட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான். அதனால் முகம் மட்டும் அப்படியே இருந்தது. மற்றதை நான் பார்க்கவில்லை, பார்க்க விடவும் இல்லை.

பிள்ளை குட்டி கிடையாது. மதினியை அவள் அப்பா வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டார்கள், மறு கல்யாணம் பேசினார்கள். போக மாட்டேன் என்றுவிட்டாள். நானும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அது வேறு கதை. பாத்திரக்கடை கையை விட்டுப் போன பிறகு, மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிற வீட்டின் முன் அறையிலேயே இந்த ஜெராக்ஸ் கடையைப் போட்டோம். முன்னால் கடை, பின்னால் அடுக்களை, நடுவில் ஒரு ஸ்க்ரீன் துணி. அம்மா, மதினி, நான் என்று மூன்று பொம்பளைகள். ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தே காலம் ஓடுகிறது.

அண்ணன் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் பட்டன் போன்தான். ஒரு குரல் பதிவு, ஒரு குட்டி வீடியோ, மருந்துக்குக்கூட இல்லை. இருந்தது கல்யாண டிவிடி மட்டும். இரண்டு டிஸ்க். ஒன்றில் முதல் நாள் ரிசப்ஷன், இன்னொன்றில் முகூர்த்தம். அவன் போன பிறகு அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. அதில் குரல் இருக்கும் என்று மதினி நம்பினாள். அதனாலேயே நானும் நம்பினேன்.

முதலில் என்னிடம் கேட்காமல், கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஸ்டுடியோவுக்கே போய் நின்றிருக்கிறாள். பழைய டேப் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மேல மேல வேற கல்யாணம் எடுத்து அழிஞ்சிடுச்சுக்கா" என்று சொன்னதோடு அனுப்பிவிடாமல், "டிஸ்க்கைக் கொடுங்க, பென் டிரைவ்ல சூப்பரா மாத்தித் தர்றோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாற்றித்தான் கொடுத்தார்கள், பாவிகள்! ரிசப்ஷனை இன்றைய டிவி அகலத்துக்கு இழுத்து விட்டதில் அண்ணன் அண்டா மாதிரி நின்றான். மதினியின் கன்னம் இரண்டு பக்கமும் உப்பிக் கிடந்தது. போதாததற்கு நேற்று வந்த சினிமாப் பாட்டு ஒன்றை ஆரம்பம் முதல் கடைசிவரை ஓட விட்டிருந்தார்கள். முகூர்த்த டிஸ்க் ஓடவே இல்லையாம். "அது செத்துடுச்சு" என்று ஒருத்தன் சொன்னானாம். மதினி அந்த வார்த்தையை வீட்டுக்கு வந்து திருப்பிச் சொல்லும்போது அவள் உதடு ஒரு மாதிரி கோணியது.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? பழைய கம்ப்யூட்டர்ல டிவிடி போடுற டிரைவ் இருக்குல்ல? நானே எடுக்கேன்" என்று கத்தினேன்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். படத்தை மறுபடி மாற்றிப் புதுசாகச் செய்யாமல், டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே உருவி எடுப்பது. ஜெராக்ஸ் கடைக்காரிக்கு இது விளங்காமல் இருக்குமா? ஜெராக்ஸையே ஜெராக்ஸ் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் எழுத்து மங்கும், புள்ளி புள்ளியாய் விழும். ஸ்டுடியோக்காரன் செய்தது அதுதான். நான் செய்யப் போவது, டிஸ்க்குக்குள் துண்டு துண்டாக இருக்கிற பைல்களை ஒரு துளி தொடாமல் வரிசையாகச் சேர்த்து ஒரே பைலாக்குவது. சட்டியை மாற்றுகிறோம், குழம்பைச் சூடு பண்ணுவதில்லை. ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்கும் இது தெரியாமலா இருக்கும்? தெரியும். அப்படியே கொடுத்தால் 'சூப்பரா' இருக்காதே!

ரிசப்ஷன் டிஸ்க் மதினி கையில் இருந்தது. முகூர்த்த டிஸ்க்கை அவள் ஸ்டுடியோவிலிருந்து கொண்டுவந்ததுமே அம்மா வாங்கி, சாமி அலமாரியில் அண்ணன் போட்டோவுக்கு முன்னால் திரும்ப வைத்துவிட்டாள். அங்கேதான் அது இத்தனை வருஷமும் இருந்தது. கவரோடு எடுத்துவந்து கடை வெளிச்சத்தில் பிரித்தேன். என் தலையே சுற்றிவிட்டது.

பளபளக்கிற பக்கத்தில் பெரிய சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். ஒரு பொட்டு இல்லை, பொட்டின் மேல் பொட்டு, காய்ந்து வெடித்து, ஓரத்தில் வழிந்து வரி வரியாய். அண்ணன் திதி வரும்போதெல்லாம் போட்டோவுக்குச் சந்தனம் வைக்கிற கையோடு டிஸ்க்குக்கும் வைத்திருக்கிறாள் அம்மா! மதினி கவரைப் பிரித்துப் பார்த்ததே இல்லை, ஸ்டுடியோக்காரன் இதைப் பார்த்துத்தான் 'செத்துடுச்சு' என்று கை கழுவியிருக்கிறான்.

"ஏம்மா! உனக்கு அறிவு கிறிவு இருக்கா? இதுல ஏம்மா வச்ச?" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா ஸ்க்ரீனை விலக்கிக்கொண்டு வந்தாள். "என்னட்டி இப்ப? அவன் உள்ள இருக்கான்லா?"

"இருக்கட்டும்மா. வச்சதுதான் வச்ச, எழுதியிருக்கிற பக்கத்துல வச்சா என்ன? அந்தப் பக்கம் வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதே!"

அம்மா டிஸ்க்கை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் வெள்ளையாய், ஸ்கெட்ச் பேனாவில் 'முகூர்த்தம்' என்று கிறுக்கியிருந்தது. மறுபக்கம் கண்ணாடி போல அவள் முகம் தெரிந்தது.

"பொட்டு முகத்துலதானட்டி வைப்பாக? இது முதுகுல்லா" என்றாள், எழுதியிருந்த பக்கத்தைக் காட்டி.

அதற்கு மேல் கத்த எனக்குத் தெம்பில்லை. அந்த முகத்தில்தான் எல்லாம் இருக்கிறது, வெளிச்சம் அந்தப் பக்கமாகத்தான் படித்துக்கொண்டு போகும், நீ வைத்த இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் தடுக்கி விழும் என்று மெதுவாக விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டாள். "அப்பம் நான் வச்ச பொட்டுதான் அவனப் பேச விடாமப் பண்ணிட்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் தாலி கட்டினதை அவள் பார்க்கவில்லை. சமையல் ஆட்கள் நெய்யையும் முந்திரியையும் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அதற்குக் காவல் நின்றாள். கெட்டிமேளம் கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் இருந்தவரை அது வீட்டில் பெரிய கேலி. "நெய் டின்னுக்குத் தாலி கட்டுனத அம்மா பாத்திருப்பா" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவன் போன பிறகு கேலி நின்றது. அம்மா மட்டும் எப்போதாவது, காய் நறுக்கும்போதோ கோலப்பொடி எடுக்கும்போதோ, தன்பாட்டில் சொல்லுவாள்: "அவன் என்னையத் தேடலட்டி. தேடியிருந்தா யாராவது வந்து கூப்பிட்டிருப்பாகல்லா." நான் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். என்னத்தைச் சொல்ல?

பொட்டை எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, மேலே வைத்து ஊற விட்டு, நடு ஓட்டையிலிருந்து ஓரத்தைப் பார்த்து ஒரே திசையில் துடைத்தேன். வட்டமாகத் தேய்த்தால் கீறல் அந்த வட்டத்திலேயே நீளமாகப் போய் ஒரேயடியாய்க் கெட்டுவிடும். மதினி பக்கத்தில் நின்று பஞ்சு நனைத்துக் கொடுத்தாள். பஞ்செல்லாம் சிவப்பாய் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சந்தனம் போனது. அதிலிருந்த மணல் மணலான பொடி போட்ட கோடுகள் போகவில்லை.

முதலில் நல்ல டிஸ்க்கை, ரிசப்ஷனை, எடுத்தேன். சடசடவென்று வந்துவிட்டது. மறுபடி செய்கிற வேலை இல்லாததால் இழுத்துக்கொண்டே கிடக்கவில்லை. போட்டுப் பார்த்தோம். அண்ணன் மெலிந்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய, எப்படி இருந்தானோ அப்படியே நின்றான். மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் யாரிடமோ சிரித்துப் பேசினான். ஆனால் கேட்டது பாட்டு!

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நம் ஊர்க் கல்யாண வீடியோவில் யார் பேச்சு கேட்டிருக்கிறது? எல்லாவற்றையும் துடைத்து எறிந்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைத்தானே ஒட்டுவார்கள்! ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு. எத்தனை கல்யாண கேசட்டைப் பார்த்திருக்கிறேன், இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? அண்ணன் வாயசைக்க, எவனோ ஒரு கதாநாயகன் காதலிக்காக உருகிக்கொண்டிருந்தான். அந்த வீடியோக்காரன் மட்டும் அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

மதினி அழவில்லை. "அணைச்சிரு பிள்ள" என்றாள். எழுந்து போய் லேமினேஷன் கவர்களை அடுக்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே அடுக்கியிருந்ததைக் கலைத்துவிட்டு.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் அந்த பைலில் இருக்கிற சத்தத்தை மட்டும் திரையில் கோடாக விரித்துப் பார்த்தேன். சத்தம் இருக்கிற இடம் மேடாகவும் இல்லாத இடம் பள்ளமாகவும் தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளம் சமமாக இல்லை. சின்னச் சின்னதாய் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. அங்கே போய்க் கேட்டேன். "யாருப்பா அங்க லைட்டை மறைக்கிறது?" என்று ஒரு ஆள் குரல்! ஒரு குழந்தையின் அழுகை, ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிற அந்த இடுக்கில், மண்டபத்துச் சத்தத்தை அணைக்க அந்தச் சோம்பேறி மறந்திருக்கிறான். அவன் கையில் கிடைத்தால் அடிக்க வேண்டும் என்றிருந்த எனக்கு, அவன் சோம்பேறித்தனத்துக்குக் கும்பிடு போட வேண்டும் போல இருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் கொடுத்த பென் டிரைவில் அந்த இடுக்கெல்லாம் புதுப் பாட்டு போட்டு அடைத்தாகிவிட்டது. அதை நம்பியிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

மதினியைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு வீணாக ஆசை காட்ட வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு, ஹெட்போனின் ஒரு காதை அவளும் ஒரு காதை நானுமாக வைத்து, ஒவ்வொரு இடுக்காகக் கேட்டுக்கொண்டே போனோம். யார் யாரோ பேசினார்கள். செத்துப்போன பெரியப்பா இருமினார். பெயர் தெரியாத ஒருத்தி மதினியின் புடவை கலர் எடுபடவில்லை என்றாள். "இவ யாரு, இன்னைக்கு வந்து சொல்லுதா" என்று மதினி சிரித்தாள். ரிசப்ஷன் முடியும்வரை அண்ணன் ஒரு இடுக்கில்கூட வாய் திறக்கவில்லை.

மிச்சம் இருந்தது முகூர்த்த டிஸ்க்தான். என் டிரைவில் போட்டால் கொஞ்ச தூரம் போகும், பிறகு கடக் கடக்கென்று தலையில் அடித்துக்கொள்ளும். படம் பச்சைக் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பொட்டு இருந்த இடத்தைத் தாண்டவே மாட்டேன் என்றது.

ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும் என்று கேள்விப்பட்டு, பழைய கம்ப்யூட்டர் சாமான் கிடைக்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். கடை கடையாக ஏறி இறங்கினால் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் ஒருத்தர் பெஞ்சுக்கு அடியிலிருந்து தூசியோடு ஒன்றை எடுத்தார். "இத யாருக்கா இப்போ கேக்குறாங்கோ? இன்னா படம் பாக்கப் போறே?"

"கல்யாணப் படம்."

"யாரு கல்யாணம்?"

"செத்துப்போனவன் கல்யாணம்" என்றேன் வெடுக்கென்று. அவர் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்காமல், டிரைவை அங்கேயே தன் கம்ப்யூட்டரில் சொருகி ஓட விட்டு, "நல்லா கீதுக்கா, எட்த்துனு போ" என்று துணியால் துடைத்துக் கொடுத்தார். அந்த மனுஷனிடம் போய் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். உள்ளே அம்மா சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். புது டிரைவும் அதே இடத்தில் முனகியது, நின்றது, திரும்பிப் போய் மறுபடி படித்தது. நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். நான் வேண்டாத தெய்வம் இல்லை. மத்தியானத் தூக்கத்துக்கு அடுத்த வீட்டு டிவி அடங்கின சமயத்தில் பைல் முடிந்து வந்தது. நடுவில் சில இடங்கள் சிதைந்து போயிருந்தன. ஆனால் இருந்தது.

சத்தத்தைக் கோடாக விரித்தேன். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளம், பொட்டு இருந்த இடத்துக்குள்ளேயே. ஹெட்போனை மதினி காதில் முழுசாக மாட்டிவிட்டேன். "நீங்களே கேளுங்க" என்றேன்.

படத்தில் அண்ணன் மாலையோடு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் மதினி தலை குனிந்திருக்கிறாள். கட்டம் கட்டமாக உடைகிறது, சேர்கிறது. அண்ணன் கழுத்தைத் திருப்பி, மேடைக்குக் கீழே யாரையோ பார்த்து வாயைத் திறக்கிறான். அவன் முகத்தில் பாதி பச்சையாகிவிட்டது. திரும்ப வந்தபோது கெட்டிமேளத்துக்குக் கை உயர்ந்துவிட்டது.

மதினி திரும்ப ஓட விட்டாள். இன்னொரு தடவையும் ஓட விட்டாள்.

"அவுகதானா மதினி?"

"அவுகதான்." ஹெட்போனைக் கழற்றாமலே, என்னிடம் இல்லாமல் திரையைப் பார்த்துச் சொன்னாள்: "பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். எம்பேரச் சொல்லி ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்லா."

ஹெட்போனை என்னிடம் கொடுப்பாள் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. உள்ளே ஸ்க்ரீன் துணியைப் பார்த்தாள். அங்கே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தமும் எவர்சில்வர் தட்டு உரசுகிற சத்தமும் கேட்டன. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு ஹெட்போன் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து, அழுத்தினாள்.

பாட்டு தேய்ந்து முடிந்தது. அய்யரின் மந்திரம், ஆட்களின் இரைச்சல். அதற்கு மேலே, கொஞ்சம் கரகரப்பாக, கடையில் பையனை ஏவுகிற அதே அதட்டலோடு, அண்ணன் கேட்டான்: "ஏ, அம்மாவ எங்க? அம்மாவ வரச் சொல்லுல—"

அதோடு அறுந்துவிட்டது.

உள்ளே தண்ணீர் நின்றது. "இந்தா வாரேன்யா!" என்றாள் அம்மா, சத்தமாக, ஒரு கணம்கூட யோசிக்காமல். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஸ்க்ரீனை விலக்கி ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள், பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு வெளியே குனிந்து தெருவைப் பார்த்தாள்.

"எங்கட்டி அவன்?" என்றாள்.